பன்னிரண்டாவது கை

திங்கள், பகல் 12.10.

வரிசையில் மூன்றாவது மேஜையில் நின்றிருந்த மங்களம், கையிலிருந்த சர்க்யூட் பலகையை மெதுவாக ட்ரேயில் வைத்தாள். அது உடையாமல் வைத்த பிறகுதான் சரிந்து விழுந்தாள்.

ஹெப்பகோடியின் பின்புறச் சாலை ஒன்றில் இருந்தது அந்தத் தொழிற்சாலை. எல்.இ.டி. விளக்குகளுக்கு உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகைகளைச் செய்தார்கள். பலகைகள் மேல் பிசின் பூசும் பிரிவில் அன்று பதினோரு பெண்கள். எல்லாருமே ஒப்பந்தத் தொழிலாளிகள். முப்பத்தெட்டு வயது மங்களம்தான் மூத்தவள். மற்ற எல்லாருக்கும் அவள் அக்கா.

பக்கத்து மேஜைப் பெண் ஓடிவந்து, மங்களத்தின் முழங்கை வரை ஏறியிருந்த ரப்பர் கையுறையைப் பிடித்து இழுத்தாள். கையுறையோடு தோலும் வந்தது.

இழுத்த பெண் அலறினாள். அந்த அலறலில் மற்றவர்களும் தங்கள் இடது கையுறையைக் கழற்றினார்கள். பத்து முன்னங்கைகளிலும் ஒரே இடத்தில், உள்ளங்கை அளவுக்கு, சிவந்து வீங்கிக் கொப்புளங்கள். கொப்புளத்துக்கு அடியில் மங்கலாக ஒரு மாங்காய்க் கொடி தெரிந்தது. சனிக்கிழமை ஆண்டு விழாவில் போட்டுக்கொண்ட டாட்டூ. பத்து நாளில் தானாக அழிந்துவிடும் என்று சொல்லிப் போட்ட மருதாணி டாட்டூ.

பகல் 12.52.

காவல் நிலையத்தில் தொலைபேசி அடித்தது. எடுத்தவன் கான்ஸ்டபிள் கிஷோர். பேசியவன் தொழிற்சாலையின் சூப்பர்வைசர் டேரில்.

"சனிக்கிழமை ஈஜிபுராவுல இருந்து ஒரு லேடி வந்து எங்க வொர்க்கர்ஸ் கையில டாட்டூ போட்டா சார். கறுப்பு மெஹந்தி. அலர்ஜி ஆகி பதினோரு பேரு கை வெந்துபோச்சு. சீக்கிரம் வாங்க."

கிஷோர் குறித்துக்கொண்டு சப்-இன்ஸ்பெக்டரிடம் நீட்டினான்.

சப்-இன்ஸ்பெக்டர் பெர்னதெத்துக்கு நாற்பத்து மூன்று வயது. கன்டோன்மென்ட் தேவாலயத்துக்குப் பின்சந்தில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் உயரும். அவளுக்குத் தாழும். நிலையத்தில் எல்லாருக்கும் அது தெரியும்.

தாளைப் படித்தாள். "ஜீப்பை எடு" என்றாள். கிஷோருக்கு அது சரியாகக்கூடக் காதில் விழவில்லை.

பகல் 2.05. அரசு மருத்துவமனை, பெண்கள் வார்டு.

தோல் மருத்துவர் கேரல், ஐம்பதைத் தாண்டியவர், கட்டிலுக்குக் கட்டில் போய்க்கொண்டே பேசினார்.

"சுத்தமான மருதாணி ஆரஞ்சா பிடிச்சு பழுப்பா மாறும். கறுப்பா வராது. உடனே கறுக்கணும்னு சில பேரு தலைக்கு அடிக்கிற சாயப் பொடிய அதுல கலந்துடறாங்க. அந்தச் சாயத்துல பி.பி.டி.னு ஒரு ரசாயனம் இருக்கு. ஒத்துக்காதவங்களுக்கு ரெண்டு மூணு நாள்ல இப்படித்தான் வெடிக்கும். தழும்பும் நிக்கும். அப்புறம் ஆயுசுக்கும் தலைச்சாயம் தொட முடியாது."

"சனிக்கிழமை மத்தியானம் போட்டது. இன்னைக்கு மத்தியானம் வெடிச்சிருக்கு."

"கணக்கு சரியா வருது" என்ற கேரல், கடைசிக் கட்டிலில் இருந்த பெண்ணிடம் குனிந்தார். "முதல்ல அரிச்சுதாம்மா? இல்ல எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது மேடம். தீ மாதிரி..." என்று தொடங்கிய பெண், எதிர்க் கட்டிலில் இருந்த மங்களத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

மங்களம் மயக்கமும் விழிப்புமாகக் கிடந்தாள். அவளுக்கு இடது முன்னங்கையில் மட்டுமல்ல, வலது கையின் நான்கு விரல்களிலும் கட்டு.

"இது என்ன?" என்று பெர்னதெத் கேட்டாள்.

"விரலும் வெந்திருக்கு. டாட்டூவைத் தொட்டிருப்பாங்க" என்றார் கேரல். பிறகு, சொன்னது தனக்கே பிடிக்காதவர் போல முகத்தைச் சுளித்தார். "யாரும் ஒரு சொட்டுத் தண்ணிகூட ஊத்தல. முதலுதவியே இல்ல. அப்படியே தூக்கிட்டு வந்திருக்காங்க."

வராந்தாவில் டேரில் தண்ணீர் பாட்டில்களோடு நின்றிருந்தான். முப்பத்தாறு வயது. சட்டையெல்லாம் வியர்வை. பெண்களின் உறவினர்களுக்கு அவனே போன் செய்துகொண்டிருந்தான்.

"சனிக்கிழமை நீங்க அங்கதான் இருந்தீங்களா?"

"ஃபுல்லா நான்தான் மேடம் பாத்துக்கிட்டேன். எச்.ஆர். வெங்கடராமன் சார் சென்னையில இருந்தாரு. இன்னைக்கு ரெண்டு மணிக்குத்தான் வந்திருக்காரு."

"டாட்டூவைப் பாத்தீங்களா?"

"பாத்தேனே. கரி மாதிரி கறுப்பு. எனக்கு அப்பவே டவுட்டு. லேடீஸ் ஆசையா போட்டுக்கறாங்க, என்னா சொல்ல முடியும்? பாவம் மேடம், எல்லாரும் என் தங்கச்சிங்க மாதிரி." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அவ மிச்சம் வெச்சிட்டுப் போன கோன் எல்லாம் எங்க கேன்டீன் ஃப்ரிட்ஜுல பாக்ஸோட இருக்கு. எடுத்துத் தரேன்."

மூன்று மணிக்கு அந்த நீல டப்பா போலீசார் கைக்கு வந்தது. உள்ளே ஒன்பது கோன்கள். ஒவ்வொன்றின் வாயும் தேன் நிற டேப்பால் ஒட்டியிருந்தது. ஒன்றை லேசாக அழுத்தியதும் பெர்னதெத்தின் கையுறையில் கரிய பசை சொட்டியது.

மாலை 5.20. ஈஜிபுரா.

ஒடுக்கமான சந்து. மூன்று மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் ஒற்றை அறை. லாவண்யாவுக்கு இருபத்தொன்பது வயது. கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இருந்து வந்து ஆறு வருடம் ஆகிறது. கணவன் யுவன் பார்சல் டெலிவரி வேலைக்குப் போயிருந்தான்.

"கெளம்பு."

"எதுக்கு மேடம்? நான் இன்னா பண்ணேன்?"

"பதினோரு பொம்பளைங்க கை வெந்து கெடக்கு. தலைக்கு அடிக்கிற சாயத்த மனுசங்க தோல்ல தடவியிருக்கே."

"அய்யோ, நான் கறுப்பே போடறதில்ல மேடம்! இலையப் பொடிச்சு, எலுமிச்சம்பழம், சக்கரை, நீலகிரித் தைலம். அவ்ளோதான். இதோ பாருங்க, அதே மருதாணி, அதே நாளு, என் கையில..."

அவள் நீட்டிய கையைப் பெர்னதெத் விலக்கினாள். "உன் கைக்கு ஒண்ணும் ஆகல. அவங்க கைக்கு ஆயிருக்கு. நட."

படியெல்லாம் ஆட்கள். சந்து முழுக்க செல்போன்கள் உயர்ந்து நின்றன. லாவண்யாவின் முந்தானை கைப்பிடிச் சுவரில் மாட்டிக் கிழிந்தது. யாரும் எடுத்துவிடவில்லை. ஜீப் தெருமுனையைத் தாண்டுவதற்குள் படம் பரவத் தொடங்கியது. "விஷ டாட்டூக்காரி" என்று யாரோ அதற்குத் தலைப்பும் வைத்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர் அவள் அடுப்பையும் பாத்திரங்களையும் கீழே இறக்கிப் படிக்கட்டோரம் வைத்துவிட்டார்.

செவ்வாய், காலை 10.00.

கேரல் ஒரு கோனைப் பிரித்து முகர்ந்தார். "சாயப் பொடி. ஆய்வகத்துக்கு அனுப்புங்க. ஆனா எனக்குச் சந்தேகமே இல்ல."

"அப்ப கேஸ் முடிஞ்சுது."

"ஒண்ணு இடிக்குது, பெர்னதெத்."

"என்ன?"

"ஒவ்வாமை ஆள் பாத்துத்தான் வரும். நூறு பேருக்கு இத தடவினா சில பேருக்கு வெடிக்கும். மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. இங்க பதினொண்ணுக்குப் பதினொண்ணு. அதுவும் ஒரே நாள், ஒரே மணி நேரம். இருபத்தாறு வருசத்துல நான் இப்படிப் பாத்ததில்ல."

பெர்னதெத் கோனைத் திரும்ப வாங்கி டப்பாவுக்குள் போட்டாள். டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

காலை 11.30. காவல் நிலையம்.

இரவு மகளிர் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த லாவண்யாவை எதிரில் உட்கார வைத்தார்கள். கண்கள் வீங்கியிருந்தன. ஆனால் அழுகை நின்றுவிட்டிருந்தது.

"எத்தனை பேருக்குப் போட்டே?"

"பன்னண்டு."

"பதினொண்ணு."

"பன்னண்டு மேடம். பேரு தெரியாது. ஆனா எண்ணித்தான் போட்டேன். பிசின் பூசற செக்சன் லேடீசுக்கு மட்டும்னாங்க."

"டப்பாவை எதுக்கு அங்க விட்டே?"

"சூப்பர்வைசர்தான் சொன்னாரு. செவ்வாக்கிழமை மத்த ஷிப்டு லேடீசுக்கும் போடணும், ஃப்ரிட்ஜுல வெச்சிட்டுப் போன்னாரு. சுத்த மருதாணிய வெளிய வெச்சா கெட்டுப்போவும் மேடம்."

"சனிக்கிழமை என்ன நிறம்?"

"எடுக்கும்போது ஆரஞ்சு. அடுத்த நாளு செவப்பு. திங்கக்கிழமதான் நல்லாப் பழுத்து, காப்பிக்கொட்ட கலருக்கு வரும். ரெண்டாம் நாளுதான் நெறம் உச்சத்துல இருக்கும்."

பெர்னதெத்தின் பேனா நின்றது. பதினோரு கைகளிலும் திங்கட்கிழமை அவள் பார்த்த மாங்காய்க் கொடி வெளிறிப்போயிருந்தது.

மேஜை மேல் டப்பாவைத் திறந்தாள். "இதெல்லாம் நீ கட்டின கோன்தானா?"

லாவண்யா எட்டிப் பார்த்தாள். முகம் மாறியது. "பிளாஸ்டிக் என்னுது. இந்த டேப்பு எனக்குத் தெரியாது. நான் ரப்பர் பேண்டு சுத்துவேன். டேப்பு ஒட்டினா கோன் வாய மறுபடி தெறக்க முடியாதே மேடம்."

பெர்னதெத் எழுந்தாள். கதவு வரை போனவள் திரும்பி வந்து, லாவண்யாவின் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். காப்பிக்கொட்டை நிறத்தில், இலை நரம்பு வரை துல்லியமாக, ஒரு மாங்காய்க் கொடி. நேற்றே நீட்டிய கை.

பகல் 2.00. தொழிற்சாலை.

எச்.ஆர். மேலாளர் வெங்கடராமன் குளிரூட்டிய அறையில் ஒரு தாளை நீட்டினார். பதினோரு பேரும் திங்கள் மாலை நான்கு மணிக்கு எழுதிக் கொடுத்த வாக்குமூலம். டாட்டூதான் காரணம், கம்பெனி மீது குறையில்லை.

"அவங்க எங்க ஊழியர்களே இல்ல மேடம். கான்ட்ராக்ட். இருந்தாலும் மனிதாபிமானத்துல செய்யறோம்."

"நேத்து காலையில என்ன வேலை நடந்துச்சு?"

"வழக்கமான வேலைதான். ஒன்பது மணிக்கு வெளிநாட்டு கஸ்டமர் ஆடிட் இருந்தது. டேரில் அருமையா முடிச்சுக் குடுத்துட்டான். ஒரு குறைகூட எழுதல."

பெர்னதெத் கையெழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான்காவது, மங்களம். அழகான, நேரான எழுத்து. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள்.

பிசின் பிரிவு மூடியிருந்தது. திறக்கச் சொன்னாள். நுழைவாயில் சுவரில் கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் ஓர் அறிவிப்பு: வளையல், நகப்பூச்சு, மருதாணி அணிந்து உள்ளே வரக்கூடாது. ஒவ்வொரு மேஜையிலும் சூடு தாங்கும் டேப் சுருள் ஒன்று இருந்தது. தேன் நிறம். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் கழிவு டிரம். மேலாகக் கிடந்த பனியன் வேஸ்ட் துணி ஒன்றை எடுத்து முகர்ந்தாள். மூக்கு எரிந்தது. துணியில் திட்டுத் திட்டாகப் பழுப்புக் கறை. அதை ஓர் உறையில் போட்டாள். தொட்டிக்கு அடியில் லேபிள் கிழிக்கப்பட்ட ஐந்து லிட்டர் கேன் ஒன்று இருந்தது.

"இது என்ன, கிஷோர்?"

உடன் வந்த பராமரிப்பு ஆளிடம் கிஷோர் கன்னடத்தில் கேட்டுவிட்டுச் சொன்னான். "ஸ்ட்ரிப்பராம் மேடம். கருவியில ஒட்டின பிசினை உரிக்கறது."

"எடுத்துக்க."

"ஆய்து மேடம்" என்று கன்னடத்தில் தலையாட்டிவிட்டுக் கிஷோர் கேனைத் தூக்கினான்.

கேட்டில் காவலாளி பச்சைமுத்து எழுந்து நின்றார். அறுபது வயது.

"நேத்து அந்தம்மா மயங்கினப்ப யாரு வெளிய போனாங்க, யாரு வந்தாங்க?"

"டேரில் சார் பன்னண்டே காலுக்கு பைக்குல பறந்தாரு மேடம். மருந்து வாங்கிட்டு வரேன்னாரு. பன்னண்டு முப்பத்தஞ்சுக்குத் திரும்பிட்டாரு. நேரா கேன்டீனுக்கு ஓடுனாரு."

"ஆம்புலன்ஸ்?"

"அது ஒண்ணேகாலுக்கு வந்துச்சு. பன்னண்டு நாப்பத்தெட்டுக்குத்தான் போன் பண்ணாங்களாம். டிரைவர் என்கிட்ட சண்ட புடிச்சான், இவ்ளோ நேரம் இன்னா பண்ணிட்டிருந்தீங்கன்னு."

மாலை 4.40. ஆனேக்கல்.

பிசின் பிரிவின் வருகைப் பதிவேட்டில் கிடைத்த பன்னிரண்டாவது பெண்ணின் பெயர் சோஃபியா. இருபத்திரண்டு வயது. தம்பிக்குக் காய்ச்சல் என்று திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. செவ்வாயன்று கிளம்பும்போது, ஒரு வாரம் வர வேண்டாம் என்று கம்பெனியிலிருந்து தகவல் வந்ததாம்.

"கையைக் காட்டும்மா."

சோஃபியா இடது கையை நீட்டினாள். பெர்னதெத் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். பழுத்த பழுப்பு நிறம். ஒரு கொப்புளம் இல்லை. சிவப்புகூட இல்லை.

"சனிக்கிழமை எடுத்த படம் இருக்கா?"

செல்போனில் இருந்தது. பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் கையை நீட்டிச் சிரிக்கிறார்கள். பன்னிரண்டு கைகளிலும் பளிச்சென்று ஆரஞ்சு. ஓரத்தில் டேரிலும் கட்டை விரலைத் தூக்கியபடி நிற்கிறான். படத்தில் மாலை 5.12 என்று நேரம் இருந்தது.

அந்தப் படத்தைத் தன் செல்போனுக்கு வாங்கிக்கொண்டு பெர்னதெத் ஜீப்பில் ஏறினாள். சந்தாபுரா தாண்டிய பிறகு கிஷோரே கேட்டான். "மேடம், கோபமா?"

"என் மேலதான்" என்றாள். "முதல்ல."

அன்று மாலையே லாவண்யாவை விடுவித்தாள். மறுநாள் காலை மருத்துவமனைக்கு வரச் சொன்னாள்.

புதன், காலை 10.15. பெண்கள் வார்டு.

டேரில் பழச்சாறு பாக்கெட்டுகளோடு வந்திருந்தான். வெங்கடராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். லாவண்யா கதவோரம். சோஃபியா மங்களத்தின் கட்டிலுக்குப் பக்கத்தில். மங்களம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

லாவண்யாவைக் கண்டதும் ஒரு கட்டிலில் முணுமுணுப்பு எழுந்தது. பெர்னதெத் கையை உயர்த்தினாள்.

"டேரில், சனிக்கிழமை டாட்டூ என்ன நிறத்துல இருந்துச்சு?"

"சொன்னேனே மேடம். கறுப்பு. கரி மாதிரி."

பெர்னதெத் செல்போனை அவன் முன் பிடித்தாள். "இது சனிக்கிழமை அஞ்சு பன்னண்டுக்கு எடுத்த படம். நீங்களும் இருக்கீங்க. ஒரு கையாவது கறுப்பா இருக்கா?"

டேரில் படத்தையே பார்த்தான். "லைட்டிங்குல அப்படித் தெரியுது..."

"சாயம் கலந்த மருதாணி போட்ட அன்னைக்கே கறுக்கும். இது ஆரஞ்சு. அப்ப சனிக்கிழமை கோன்ல சாயம் இல்ல. அதுக்கு அப்புறம்தான் யாரோ கலந்திருக்காங்க. கோனைப் பிரிச்சு, சாயத்தைச் சேத்து, மறுபடி மூடி ஒட்டியிருக்காங்க. ஒட்டின டேப்பு இந்தப் பொண்ணோடது இல்ல. உங்க லைன்ல மேஜைக்கு மேஜை இருக்கற டேப்பு. உள்ள இருக்கறது கறுப்புன்னு தெரிஞ்சு, சனிக்கிழமையும் கறுப்புதான்னு என்கிட்ட சொன்னது நீங்க ஒருத்தர்தான். டாக்டர் பாக்கறதுக்கு முன்னாடியே, பன்னண்டு அம்பத்திரண்டுக்கு, கறுப்பு மெஹந்தி அலர்ஜின்னு போன்ல சொன்னதும் நீங்கதான்."

"அப்ப... சாயம் இல்லேன்னா கை எப்படி மேடம் வெந்துச்சு?" என்று ஒரு பெண் கேட்டாள். கேட்டுவிட்டு, விடை தெரிந்தவள் போல நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அது உங்க எல்லாருக்கும் தெரியும்" என்றாள் பெர்னதெத். "யாரும் சொல்ல மாட்டீங்க. நானே சொல்றேன்."

கட்டில்களுக்கு நடுவே வந்து நின்றாள்.

"திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு ஆடிட். லைன்ல மருதாணி இருக்கக்கூடாதுன்னு செவுத்துலேயே எழுதியிருக்கு. சனிக்கிழமை அதை மறந்து ஏற்பாடு பண்ணது டேரில். எட்டரைக்கு எல்லாரும் கையில டாட்டூவோட வந்து நிக்கறீங்க. அனுப்பிட்டா லைன் ஓடாது. இவன் பேரு கெட்டுப்போகும். என்ன பண்ணான்? கருவியில இருந்து பிசினை உரிக்கற ஸ்ட்ரிப்பரைக் குடுத்து, தேச்சு எடுங்கன்னான். மருதாணி தோலுக்குள்ள பிடிக்கறது, லேசுல போகாது. சிவக்கச் சிவக்கத் தேச்சீங்க. கழுவ நேரம் குடுக்கல. அதுமேலேயே ரப்பர் கிளவுஸைப் போட்டு, மூணரை மணி நேரம் நிக்க வெச்சான். உள்ளேயே வெந்துச்சு."

கேரல் மெல்லச் சொன்னார். "நீங்க குடுத்தனுப்பின துணியில நேத்தே லிட்மஸ் தாள் வெச்சுப் பாத்தேன். வெச்ச உடனே நீலமாயிடுச்சு. அவ்வளவு காரம். அது ஒவ்வாமை இல்ல. ரசாயனப் புண். அதான் பதினோரு பேருக்கும். அதான் அரிக்காம எரிஞ்சுது."

"நான் அப்படி ஒண்ணும்..." டேரிலின் குரல் தடுமாறியது. "மேடம், தேச்சுவிட்டது யாருன்னு அவங்களையே கேளுங்க! நான் தொடவே இல்ல!"

பத்துப் பெண்களும் ஒரே நேரத்தில் தலைகுனிந்தார்கள். மங்களம் மட்டும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெர்னதெத்தின் குரல் இன்னும் தாழ்ந்தது. "அதையும் நீயே சொல்லிட்டியா? சந்தோஷம். மங்களத்துக்கு வலது கையில டாட்டூவே இல்ல. ஆனா நாலு விரலும் வெந்திருக்கு. டாட்டூவைத் தொட்டதால வந்த புண்ணு இல்ல அது. துணியைப் பிடிச்சுத் தேச்ச விரல்ல வந்த புண்ணு. தன் கையில மட்டும் தேச்சிருந்தா இவ்வளவு வேகாது. பதினோரு கையில தேச்சிருக்காங்க."

மங்களம் வாயைத் திறந்தாள்.

"சின்னப் பொண்ணுங்க மேடம்" என்றாள். "வேற யாருக்கும் நல்லாத் தேக்கத் தெரியல. மணி ஆவுதுன்னு கத்துறாரு. நான்தான், வாங்கடி நான் தேச்சு விடறேன்னு... என் கையாலதான்..." கட்டுப் போட்ட விரல்களைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரிக்கு வர வண்டியிலயே சொன்னாரு. வெளிய தெரிஞ்சா கேஸு உன் மேலதான் வரும், நீதானே தேச்சவ, போலீஸ் உன்னத்தான் புடிக்கும்னாரு. இதுங்க எல்லாம் எனக்காகத்தான் மேடம் வாயத் தெறக்கல."

"அக்கா..." என்று ஒருத்தி அழத் தொடங்கினாள்.

"தேக்கச் சொன்னதும் இவன், தேச்சவ நீதான்னு அவளை மெரட்டினதும் இவன்" என்றாள் பெர்னதெத். டேரிலுக்கு ஓரடி தூரத்தில் போய் நின்றாள். "மங்களம் கீழ விழுந்தப்ப மணி பன்னண்டு பத்து. அந்த நேரத்துல பக்கத்துலேயே தண்ணித் தொட்டி இருக்கு. கையைப் பிடிச்சு குழாய்க்கு அடியில காட்டியிருந்தா பாதிப் புண்ணு இருந்திருக்காது. நீ பைக்கை எடுத்துட்டுக் கடைக்குப் போனே. மருந்து வாங்கவா? எந்த மருந்தைக் கொண்டுவந்தே? யாருக்குக் குடுத்தே? ரெண்டாவது வளைவுல இருக்கற பெட்டிக்கடைக்காரர் காலையில கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு. தலைச்சாயப் பொடி, ஆறு பாக்கெட். இவ தரையில கெடந்தா. நீ கேன்டீன்ல உக்காந்து சாயம் கலக்கினே. கலந்து முடிச்ச பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டே. முப்பத்தெட்டு நிமிஷம்."

மங்களம் எழ முயன்றாள். சோஃபியா தாங்கிப் பிடித்தாள். மங்களம் கட்டிலை விட்டு இறங்கி, தள்ளாடி, டேரிலுக்கு எதிரே வந்து நின்றாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"எம்பொண்ணுக்கு அஞ்சு வயசு" என்றாள். "என் கையில சாப்பிட்டாத்தான் சாப்பிடுவா. நேத்து பாக்க வந்தா. இந்தக் கையப் பாத்துட்டு கட்டிலுக்குக் கீழ ஒளிஞ்சுகிட்டா. நீ ஜூஸ் வாங்கிட்டு வர்றியா? எதால பிடிச்சு நான் குடிக்கறது, சொல்லு!"

டேரிலின் கையிலிருந்து பை நழுவியது. கிஷோர் அவன் தோளைப் பிடித்தான்.

கதவுப் பக்கம் நகர்ந்த வெங்கடராமனைப் பெர்னதெத் திரும்பிப் பார்த்தாள். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து விரித்தாள்.

"நீங்க இருங்க சார். திங்கக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மங்களம் போட்ட கையெழுத்து. நாலு விரல்லயும் கட்டு. பேனா பிடிச்சது யாரு? அதையும் இங்கேயே பேசிடலாம்."

பகல் 1.00.

தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தகவல் போனது. பிசின் பிரிவு சீல் வைக்கப்பட்டது. டேரிலோடு வெங்கடராமனும் ஜீப்பில் ஏறினார். அந்த இடத்திலிருந்தே அவர் மூன்று வக்கீல்களுக்குப் போன் செய்தார்.

வராந்தாவின் பெஞ்சில் லாவண்யா உட்கார்ந்திருந்தாள். பெர்னதெத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் போனாள்.

"லாவண்யா, உங்க மேல இருந்த கேஸை எடுத்தாச்சு. நான் அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சிடுங்க."

லாவண்யா நிமிர்ந்தாள். "கையத்தான் மேடம் நீட்டினேன். பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். தள்ளிவிட்டீங்க."

"ஆமா."

"இங்க, இந்த வராந்தாவுல மன்னிப்பு கேட்டா யாருக்குக் கேக்கும்? நேத்து ராத்திரி நானும் என் புருசனும் படிக்கட்டுலதான் உக்காந்திருந்தோம். ரெண்டு கல்யாண ஆர்டர் போயிடுச்சு. எதிர்வீட்டுப் பசங்க என்னப் பாத்து, விஷம்டான்னு ஓடறாங்க. உள்ள வெச்சுத் தப்புன்னு சொல்றீங்க. புடிச்சது தெருவுல வெச்சு."

பெர்னதெத் தொப்பியை மாட்டிக்கொண்டாள்.

"வாங்க" என்றாள்.

பகல் 3.10. ஈஜிபுரா.

ஜீப் நின்றதுமே சந்தில் கூட்டம் கூடியது. செல்போன்கள் உயர்ந்தன. பெர்னதெத் இறங்கி, மறுபக்கக் கதவைத் தானே திறந்து லாவண்யாவை இறக்கினாள்.

"நல்லா எடுங்க" என்றாள். இரண்டு நாளில் முதல் முறையாக அவள் குரல் உயர்ந்தது. மாடிகளிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. "என் பேரு பெர்னதெத். சப்-இன்ஸ்பெக்டர். திங்கக்கிழமை இந்தப் பொண்ணை இழுத்துட்டுப் போனது நான். இவங்க மருதாணியில விஷம் இல்ல, சாயம் இல்ல. அப்புறமா சாயம் கலந்தவன் வேற ஆளு, உள்ள இருக்கான். இவங்க சொன்னதைக் காது குடுத்துக் கேக்காதது என் தப்பு."

அதையே கன்னடத்திலும் சொன்னாள். "தப்பு நன்னது" என்று முடித்தாள்.

வீட்டுச் சொந்தக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சிரிக்க முயன்றார். "சரி மேடம், தெரியாம நடந்துபோச்சு. விடுங்க. லாவண்யா, மேல போம்மா. ரூம் அப்படியேதான் இருக்கு."

லாவண்யா நகரவில்லை. படிக்கட்டோரம் தூசி படிந்து கிடந்த அடுப்பையும் பாத்திரங்களையும் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"எறக்கினது நீங்கதானே?" என்றாள். "நீங்களே ஏத்துங்க."

வீட்டுச் சொந்தக்காரர் பெர்னதெத்தைப் பார்த்தார். சந்து முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து, அடுப்பைத் தூக்கினார்.